எனக்கு வந்த ஒன்ஸ்மோர்

சத்தியம்! சத்தியம்! சத்தியம்! உரக்கத்தான் சொல்கிறேன், பக்கத்து வீட்டுக்காரிக்கும் கேட்கட்டும். இப்போது நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய்யென்றால் குற்றாலத்து அருவி தண்ணீராக விழாமல் பாறையாக என் தலையில் விழட்டும். மீசை மேல் கை வைத்துச் சத்தியம் செய்யலாம்தான். ஸ்திரீ பார்ட் போட்டவனுக்கு ஏது மீசை? பதினான்கு வயதில் மழித்தேன், கோபித்துக்கொண்டு அப்புறம் முளைக்கவே இல்லை. அதனால் முகத்தில் பூசிய அரிதாரத்தின் மேல் சத்தியம். போதுமா?

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு மூன்று கால்தான். இப்படி வாருங்கள். மேகவண்ணனுக்குத் தென்காசியில் சிலை வைக்கிறீர்களாம். நினைவு மலர் போடுகிறீர்களாம். அவனோடு மேடையில் நின்றவர்களில் மிச்சமிருப்பது இந்தச் சங்கரபாகம் ஒருத்தன்தானாம். சந்தோஷம். என் கட்டுரைக்கு என்ன தலைப்பு என்றீர்கள்? இன்னொரு தடவை படியுங்கள். ‘மௌனத்தால் அழவைத்த மாமேதை.’ நல்லவேளை, நான் காபி குடித்துக்கொண்டிருக்கவில்லை. மூக்கு வழியாக வந்திருக்கும்.

மாமேதை! அவன் பெயரே மேகவண்ணன் இல்லை தெரியுமா? புலமாடன். சினிமாக்காரன் வைத்த பெயர்தான் மேகவண்ணன். மேகமாவது வண்ணமாவது! அம்மை விழுந்த முகம், ஆறடி உயரம், மேடையில் நடந்தால் பலகை அழும். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் குழல்வாய்மொழி விநோத நாடக சபாவில் சேர்ந்தோம். ஆவுடையப்ப வாத்தியார்தான் முதலாளி. நாடகம் எழுதுவது, பாட்டுக் கட்டுவது, அடிப்பது எல்லாம் அவரே. என்னைப் பார்த்ததும், “குரல் இருக்கு, நீ பொம்பளை” என்றார். அவனைப் பார்த்து, “உடம்பு இருக்கு, நீ ராஜா” என்றார். விஷயம் அவ்வளவுதான். உடம்பு. அது அவன் அம்மா கொடுத்தது, அதில் அவன் திறமை எங்கே வந்தது?

அன்றிலிருந்து அவன் என்னை ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுவான். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. மேடையில் பெண்டாட்டி என்றால் சரி, இறங்கி டீக்கடைக்குப் போனாலும் “ஏட்டி, உனக்கு வடையா, பஜ்ஜியா?” டீ ஆற்றுகிறவன் என்னை மேலும் கீழும் பார்ப்பான். சாகும்வரை ஏட்டிதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் சபாவின் பெரிய நாடகம் ‘கோட்டைவாசல்’. கதை சின்னது. வேலாயுதன் என்று ஒரு கோட்டைக் காவலன். எதிரிப்படை வருகிறது, தனியாளாக நின்று கதவை அடைத்துவிட்டு ஈட்டி பாய்ந்து சாகிறான். பெண்டாட்டி செண்பகம் ஓடிவந்து அவன் மேல் விழுந்து ஒப்பாரி வைக்கிறாள். மங்களம். வேலாயுதன் அவன், செண்பகம் நான். அவனுக்குச் சாகும்போது முப்பது வரி வசனம். எனக்குச் செத்த பிறகு பதினாறு வரி ஒப்பாரி. வாத்தியார் எழுதியதில் நான்கு வரியை நான் திருத்தியிருந்தேன். அவருக்குத் தெரியாது.

‘கோட்டைக் கதவடைச்சுக் கொலுவிருந்த என் ராசா
வீட்டுக் கதவைமட்டும் தெறந்துவச்சுப் போனீகளே...’

பார்த்தீர்களா, உங்களுக்கே கழுத்து முடி நிற்கிறது. எண்பது வயதுக் குரலுக்கே இப்படி என்றால் இருபது வயதில் எப்படி இருந்திருக்கும்? புளியரையில் நான் இதைப் பாடியபோது கொட்டகைக்கு வெளியே கட்டியிருந்த எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. சத்தியம் செய்திருக்கிறேன், ஞாபகம் இருக்கட்டும்.

இப்போது ஒரு விஷயம் உங்களுக்குப் புரிய வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்ஸ்மோர் என்றால் என்னவென்றே தெரியாது. ஜனங்களுக்கு ஒரு பாட்டோ ஒரு சண்டையோ பிடித்துவிட்டால் ‘ஒன்ஸ்மோர்!’ என்று கத்துவார்கள். கத்திவிட்டால் மறுபடி செய்தாக வேண்டும். செத்தவனாக இருந்தாலும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கும்பிட்டு, முதலிலிருந்து சாக வேண்டும். “ஜனம் கேட்டா பிணமும் எந்திரிக்கணும்லே” என்பார் வாத்தியார். அதுதான் சபாவின் சட்டம். எத்தனை ஒன்ஸ்மோர் என்பதுதான் நடிகனுக்கு மரியாதை. என் ஒப்பாரிக்கு அதுவரை ஒன்ஸ்மோர் வந்ததில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா? அழுதுகொண்டிருக்கிறவன் எப்படிக் கத்துவான்? வாயைத் திறந்தால் விம்மல்தானே வரும்? அதுதான் காரணம். வேறு காரணம் சொன்னவன் எல்லாம் வயிற்றெரிச்சல்காரன்.

அந்த ஆனி மாதம் தென்காசியில் கொட்டகை போட்டிருந்தோம். சாரல் நல்ல சாரல். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த ஒரு சினிமா முதலாளி, சேலத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு வருகிறார் என்று சேதி வந்தது. புதுப்படத்துக்கு ஆள் தேடுகிறாராம். சபாவே ஆடிப்போய்விட்டது. ராஜகுரு வேஷக்காரர் பல்லை விளக்கினார், அப்படி ஒரு பரபரப்பு. புலமாடன் என்ன செய்தான்? தூங்கினான். “என்னலே, சினிமாக்காரன் வாரான், வசனத்தையாவது ஒரு தடவை பாருலே” என்றேன். “நீ இருக்கேல்லா ஏட்டி, மறந்தா எடுத்துக் கொடு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். இவன்தான் உங்கள் மாமேதை.

நான் சும்மா இருப்பேனா? மெயின் அருவிக்குப் போனேன். அங்கே கருத்தப்பாண்டி என்று ஒருவன், எண்ணெய் தேய்த்துவிடுகிறவன், கூட மூன்று பேர். அருவிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அவர்கள் குரல் என்ன குரல் என்கிறீர்கள்! “எண்ணெய் தேய்க்கணுமா சாமீ” என்று கருத்தப்பாண்டி கூப்பிட்டால் செங்கோட்டையில் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அவர்களிடம் போய், “அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் இடம், டிக்கெட் வேண்டாம். ஒரே ஒரு வேலை. நான் சொல்லும்போது ஒன்ஸ்மோர்னு கத்தணும்” என்றேன்.

“நாங்க நாடகம் பாத்ததில்லையே தம்பி. எப்பக் கத்தணும்னு எப்படித் தெரியும்?”

நியாயமான கேள்வி. நான் யோசித்தேன். ஒப்பாரியின் கடைசி வரியில் நான் கொண்டையை அவிழ்த்து, முடியை விரித்துப் போட்டு அழுவேன். அதைவிட நல்ல அடையாளம் எது? “கதையெல்லாம் கவனிக்க வேண்டாம் அண்ணாச்சி. மேடையில முடி அவுந்து விழும். விழுந்ததும் கத்துங்க.”

“முடி அவுந்தா கத்தணும். அம்புட்டுத்தானே?”

“அம்புட்டுத்தான்.”

தம்பி, என் வாழ்க்கை அந்த ஒரு வார்த்தையில் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. கொட்டகை நிரம்பி வழிந்தது. முன்வரிசையில் சேலத்து முதலாளி, கழுத்தில் மஃப்ளர். இந்தப் பக்கம் நான்கு எண்ணெய்ப் பாண்டிகள், எல்லோரும் மேடையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. புலமாடன் வழக்கம்போலச் செத்தான். கையை விரித்தான், மார்பில் அடித்தான், முப்பது வரி வசனத்தில் இருபத்தாறு வரியைச் சொன்னான், தடாலென்று விழுந்தான். விழுந்ததில் தலைப்பாகை உருண்டு போனது.

அந்தக் காலத்தில் நாடகக்காரன் எல்லோருக்கும் முடி நீளம். புலமாடனுக்கு இடுப்பு வரை. அவிழ்ந்து விழுந்தது.

“ஒன்ஸ்மோஓஓஓர்!”

நான்கு அருவி ஒன்றாக விழுந்த மாதிரி. நான் இன்னும் மேடைக்கே வரவில்லை! பக்கத்தட்டிக்குப் பின்னால் நின்று, ‘இப்ப இல்லைய்யா, இப்ப இல்லைய்யா’ என்று கையை ஆட்டுகிறேன். கருத்தப்பாண்டி நான் உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து இன்னும் கத்துகிறான். ஜனம் என்ன செய்யும்? நாலு பேர் கத்தினால் நானூறு பேர் கத்துவார்கள். கொட்டகை முழுக்க ஒன்ஸ்மோர். எனக்கு வரவேண்டிய ஒன்ஸ்மோர். நான் வளர்த்த பசு, அவன் வீட்டில் போய்ப் பால் கறக்கிறது!

புலமாடன் எழுந்தான். கும்பிட்டான். விழுந்த வேகத்தில் கணுக்கால் பிசகிவிட்டது, எனக்குத் தெரிந்தது. மூச்சு வாங்குகிறது. வசனம் சுத்தமாக மறந்துவிட்டது, அதுவும் தெரிந்தது. அவன் முகம் எனக்குத் தெரியாதா? எடுத்துக் கொடுக்கச் சொல்லித் தட்டி பக்கம் பார்த்தான். கொடுப்பேனா? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். சாவுடா வசனம் இல்லாமல், என்று நின்றேன்.

அவன் பேசவே இல்லை. ஈட்டியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தான். கால் வலி, வேறென்ன? கோட்டைக் கதவில் சாய்ந்தான். அது அட்டைக் கதவு, அழுத்திச் சாய்ந்தால் விழுந்துவிடும், அதனால் பூப்போலச் சாய்ந்தான். அதைத்தான் பிற்பாடு பத்திரிகைக்காரன் எல்லாம் ‘நுணுக்கம்’ என்று எழுதினான். செத்துவிட்டான் என்று நினைத்து நான் ஓடி வந்து முன்னால் விழுந்தேன். ஓடிய ஓட்டத்தில் ரவிக்கைக்குள் வைத்திருந்த துணிப்பந்து ஒன்று நழுவி வயிற்றுப் பக்கம் வந்துவிட்டது. ஜனம் பார்த்தால் சிரித்துவிடும். அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். சாகிறவன் கை நீண்டது. என் முந்தானையை எடுத்து, இழுத்து, தோள் வழியாகச் சுற்றி ஒழுங்காகப் போட்டுவிட்டான். போட்டுவிட்டு, அந்தக் கை அப்படியே கீழே விழுந்தது. தலை சாய்ந்தது. செத்துவிட்டான்.

ஒரு கைதட்டல் இல்லை தம்பி! எழுதிக்கொள்ளுங்கள். ஒரு ஒன்ஸ்மோர் இல்லை, ஒரு விசில் இல்லை. கொட்டகையில் குண்டூசி விழுந்தால் கேட்கும். அவ்வளவு மோசமான சாவு. திரை இழுக்கிறவன்கூடக் கயிற்றை விட்டுவிட்டு வாயைப் பிளந்து நின்றான்.

என் ஒப்பாரியா? அங்கேதான் விதி விளையாடியது. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பதினாறு வரியும் தொண்டையில் நிற்கிறது, ஒன்றுகூட வெளியே வரவில்லை. சாரல் காற்று. பவுடர் தூள் வேறு. அந்தக் காலத்துப் பவுடர் அப்படி, கண்ணில் பட்டால் தண்ணீர் கொட்டும். அவன் மேல் விழுந்து கிடந்தேன். செத்தவன் காதோரம், “ஏட்டி, பாடுடி” என்கிறான். பாட முடியவில்லை. கடைசியில் வாத்தியாரே மேடைக்கு வந்து கயிற்றை இழுத்தார்.

சேலத்து முதலாளி கைக்குட்டையால் முகத்தை மூடியபடி எழுந்து போனார். மூன்று நாள் அருவியில் நின்றால் யாருக்குத்தான் ஜலதோஷம் பிடிக்காது?

மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு மதராஸ் போய்விட்டார்.

அப்புறம் நீங்கள் பார்த்த கதைதான். நூற்றுமுப்பது படம். அதில் அறுபத்தொரு சாவு. நான் எண்ணியிருக்கிறேன். அறுபத்தொன்றும் அதே சாவு! உட்கார்வான், சாய்வான், பெண்டாட்டி முந்தானையைச் சரிசெய்வான், போய்விடுவான். தமிழ்நாட்டுப் பெண்கள் எல்லாம் கண்ணீர் விட்டு, வீட்டுக்குப் போய்ப் புருஷனோடு சண்டை போட்டார்கள், “அந்த மனுஷன் சாகும்போதுகூட முந்தானையைப் பாக்கறான், நீ என்னைக்காவது பாத்தியா?” என்று. என் துணிப்பந்து நழுவியதில் பிறந்த நடிப்பு அது. ஒன்ஸ்மோர் என்னுடையது, பந்து என்னுடையது, கால் பிசகல் மட்டும் அவனுடையது. மாமேதையாம்!

நான் சினிமாவுக்குப் போகவில்லையா என்கிறீர்களா? போனேன். அவன்தான் தந்தி கொடுத்துக் கூப்பிட்டான். தனியாகப் போக பயம் போல. ஒரு படத்தில் எனக்கு அழுகிற வேஷம் வாங்கிக் கொடுத்தான். நான் எடுத்த எடுப்பில் அழுத அழுகையில் மைக் கருகிப் புகை வந்தது, கேமரா கண்ணாடியில் கீறல் விழுந்தது. டைரக்டர், “ஐயா, நீங்க கொஞ்சம் அந்தண்டை நில்லுங்க” என்றார். அந்தண்டை நின்றேன். நாற்பது வருஷம் அந்தண்டையே நின்றேன்.

ஏன் நின்றேன் என்றால், அதுவும் அவன் திமிர்தான். சாகிற காட்சி என்றைக்கு இருக்கிறதோ அன்றைக்குக் கார் அனுப்புவான். “ஏட்டி எங்கே? ஏட்டி வராம நான் சாக மாட்டேன்.” செட்டில் நூறு பேர் காத்திருப்பார்கள். நான் கேமராவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எதிரே கதாநாயகி இருப்பாள், ஊரே மோகிக்கிற அழகி. அவளைப் பார்க்க மாட்டான். என்னைப் பார்த்துக்கொண்டு சாவான். அறுபத்தொரு தடவை! பார்த்தியா, உன் ஒன்ஸ்மோர் என்னிடம் இருக்கிறது என்று காட்டத்தான், வேறென்ன? குத்திக்காட்டுவதற்கென்றே ஒரு மனிதனை வெயிலில் நிற்கவைப்பது. அந்த ஆர்க் விளக்கு வேறு, என் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கொட்டும். அவன் எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு டைரக்டரிடம், “ஓகே, இது போதும்” என்பான். டைரக்டர் சொல்ல வேண்டியதை இவன் சொல்வான். அவ்வளவு மமதை.

பிறகு வயதாயிற்று. சாகிற வேஷமும் வரவில்லை. நான் தென்காசிக்கே வந்துவிட்டேன். போன பங்குனியில் அவன் மகள் போன் செய்தாள். “மாமா, அப்பா உங்களைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. சாப்பாடு இறங்கலை. வாங்க மாமா.” போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். ரயிலில் ஏறின பிறகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதராஸில் அவன் வீடு, மத்தியானம் மூன்று மணி. பக்கத்து அறையில் பேரப்பிள்ளைகள் கிரிக்கெட் பார்க்கிறார்கள். கட்டிலில் அந்த ஆறடி உடம்பு நான்கடியாகக் கிடக்கிறது. என்னைப் பார்த்ததும் கண்ணில் ஒரு சிரிப்பு. “ஏட்டி, வந்துட்டியா? அப்ப ஆரம்பிச்சிரலாமா?”

எனக்கு ஆத்திரம். இப்போதும் கேலியா! இவனைச் சும்மா போகவிடக்கூடாது, உண்மையைச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று, “ஏலே புலமாடா, அந்த ஒன்ஸ்மோர் உனக்கு வந்தது இல்லலே. நான் ஆள் வச்சது. எனக்காக வச்சது” என்றேன். ஐம்பத்தைந்து வருஷம் தேக்கி வைத்த அணையை உடைத்துவிட்டேன். அவன் முகம் வாடும் என்று பார்த்தேன்.

“தெரியும்லா,” என்றான். “மறுநா காலையில அருவியில கருத்தப்பாண்டிதான எனக்கு எண்ணெய் தேச்சான். தேய்க்கும்போதே சொல்லிட்டான்.”

“பின்னே ஏம்லே இத்தனை வருஷம் சொல்லலை?”

“சொன்னா நீ வெக்கப்பட்டு ஊருக்கு ஓடிருவ. கேமரா பக்கத்துல யாரு நிப்பா?”

பாருங்கள், கடைசிவரைக்கும் அவன் வசதிதான் அவனுக்கு. அப்புறம் சொல்கிறான்: “ஒரு குறை இருக்கு ஏட்டி. அன்னிக்குச் செத்துக் கிடந்தேன், நீ ஒப்பாரி வைப்பேன்னு காத்துக் கிடந்தேன். கடைசிவரை வைக்கவே இல்ல. அந்தப் பதினாறு வரி பாக்கி. வையி.”

முடியாது என்றேன். உயிரோடு இருக்கிறவனுக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது என்றேன். “செண்பகத்துக்கு அந்தச் சட்டம் இல்லடி” என்றான். பாடினேன். பதினாறு வரியும் பாடினேன், நான் திருத்திய நான்கோடு சேர்த்து. குரல் எப்படி இருந்தது என்கிறீர்கள்! நர்ஸ் ஓடி வந்தாள், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்து. கிரிக்கெட்டை நிறுத்திவிட்டார்கள். நான் முடித்தேன்.

அவன் ஒரு விரலைத் தூக்கினான். விசிறிச் சத்தத்தில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

“ஒன்ஸ்மோர்.”

அதுவும் நடிப்புத்தான் தம்பி. எனக்குத் தெரியாதா? இருந்தாலும் சட்டம் சட்டம்தானே. ஜனம் கேட்டுவிட்டது. ஒரு ஆள் என்றாலும் ஜனம் ஜனம்தான், அதுவும் நான் ஆள் வைக்காமல் கேட்டது. மறுபடி ஆரம்பித்தேன். ‘கோட்டைக் கதவடைச்சு...’ குனிந்து பாடியதில் என் தோள் துண்டு நழுவியது. அவன் கை வந்தது. துண்டை எடுத்து, இழுத்து, தோள் வழியாக ஒழுங்காகப் போட்டான். கை கீழே விழுந்தது.

அதே சாவு. வேறொன்றும் தெரியாது அவனுக்கு. வீட்டுக் கதவு வரிக்கு வருவதற்குள் போய்விட்டான்.

நான் விடவில்லை. எழுந்து நின்றேன். என் குரலின் முழு பலத்தையும் கூட்டி, கருத்தப்பாண்டி தோற்கிற மாதிரி, “ஒன்ஸ்மோர்!” என்று கத்தினேன். “ஒன்ஸ்மோர்! எந்திரிலே! ஒன்ஸ்மோர்!” மூன்று தடவை கத்தினேன். மகள் அலறுகிறாள், மருமகன் என்னைப் பிடித்து வெளியே தள்ளுகிறான், நான் கத்திக்கொண்டே போகிறேன். அவன் எழுந்திருக்கவில்லை. ஜனம் கேட்டும் எழுந்திருக்கவில்லை! சபா சட்டத்தை மதிக்காத பயல். அவனுக்குப் போய்ச் சிலையா?

பேப்பரில் பார்த்திருப்பீர்கள், ‘நடிகர் மரணப் படுக்கையில் மனநிலை தவறிய ரசிகர் ரகளை’ என்று. அது நான்தான். பெயர் தெரியாமல் போட்டார்கள், மகராசன்கள்.

அதனால் தம்பி, முதல் ஒன்ஸ்மோர் யாருடையது என்பதை மலரில் பெரிய எழுத்தில் போடுங்கள். ஆனால் யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அந்தப் பெண் இன்னமும் மாதம் தவறாமல் போன் செய்து, “மாமா, சாப்பிட்டீங்களா” என்கிறாள். கத்தினதை அவள் பொறுத்துக்கொண்டாள். அவள் அப்பன் வாங்கின முதல் ஒன்ஸ்மோர் ஆள் வைத்து வந்தது என்று தெரிந்தால் பொறுப்பாளா? எருமை சொன்னது என்று போட்டுக்கொள்ளுங்கள்.